பறம்பின் சிறுகுளம்: பழந்தமிழ்ச் செய்யுளில் ஊர்ப்பற்று

மக்கள் தாம் வாழும் ஊர்மீது கொள்ளும் பற்றினைத் தமிழ்ச் செய்யுளில் ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றிலே செல்வர். ஒரு சாரார் புறநானூற்றின் 192ஆம் பாட்டை முன்வைத்து, எல்லா ஊரையும் தம்மூராகவும் எல்லாரையும் தம் உறவினராகவும் கண்ட தமிழ்ப் புலவர்க்குத் தன்னூர் என்னும் குறுகிய பற்று இருந்ததில்லை என்பர். மற்றொரு சாரார் காப்பியங்களின் நாட்டுப் படலங்களையும் நகரப் படலங்களையும் எடுத்துக்காட்டி, நாட்டையும் நகரையும் இத்துணை விரிவாகப் பாடிய மரபு ஊர்ப்பற்றிலே பிறந்ததன்றி வேறென்ன என வினவுவர். இரு கூற்றும் மேடைக்கு ஏற்றவை. பாட்டுக்களை அருகில் வைத்துப் படிக்கும்போது இரண்டும் நிற்பதில்லை.

முதற் கூற்றை முதலில் நோக்கலாம். அப்பாட்டைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். எல்லா ஊரும் எம்மூர் என்றவரை உலகம் இன்றுவரை அறிவது அவருடைய ஒரே ஊரின் பெயராலேயே. பூங்குன்றம் என்னும் ஊர்ப்பெயரை நீக்கிவிட்டால் எஞ்சுவது கணியன் என்னும் தொழிற்பெயர் ஒன்றே. இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே பழைய பூங்குன்றம் என அறிஞர் கொள்வர். இனி, பாட்டின் 13 அடிகளுள் ஊரைப் பற்றிப் பேசுவது தொடக்கம் மட்டுமே. பின்னர் வருவன தீதும் நன்றும் பிறரால் வருவன அல்ல என்பதும், சாதல் புதிதன்று என்பதும், கற்களில் மோதி இரைந்து ஓடும் மலையாற்று வெள்ளத்திலே அகப்பட்ட தெப்பத்தைப்போல உயிர் ஊழின் வழியே செல்லும் என்பதுமாகும். அத்தெப்பம் எக்கரையிலே ஒதுங்குவது என்பதைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. இவ்வுவமையைக் கண்ட பின்பு தொடக்க வாக்கியத்தை மீண்டும் படித்தால் அதன் ஓசை மாறிவிடுகின்றது. ஊரை மதியாதவன் சொல்லாக அன்றி, ஒதுங்கிய கரையையே ஊராகக் கொள்ளவேண்டிய நிலையை அறிந்தவன் தேறிச் சொல்லும் சொல்லாக அது கேட்கின்றது. ஒருகாலும் ஊரைவிட்டு நீங்காதவனுக்கு அத்தகைய தேற்றம் வேண்டியதில்லை. ஆகவே இப்பாட்டு ஊர்ப்பற்றை மறுக்கும் பாட்டு அன்று. பற்றின் விலையை அறிந்தவருடைய பாட்டு எனக் கொள்வதே பொருந்தும்.

ஊர்ப்பெயரால் அறியப்பட்டவர் பூங்குன்றனார் ஒருவரல்லர். ஆவூர் மூலங்கிழார், கோவூர் கிழார், மாங்குடி மருதனார், ஐயூர் முடவனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எனச் சங்கப் புலவர் வரிசை பாதிக்குப் பாதி ஊர்களின் வரிசையாகவே இருக்கின்றது. இவ்வடைகளை அவர்களே சூட்டிக்கொண்டனர் என்பதற்குச் சான்றில்லை. பிறர் அவர்களை இனங்கண்ட முறை இது. ஒருவன் தன்னூரில் இருக்கும்போது அவனை யாரும் ஊர்ப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. அயலூரிலேதான் அது பெயருடன் ஒட்டிக்கொள்கின்றது. ஈழத்துப் பூதன்றேவனாரை இங்கு நினைக்கலாம். அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய தொகைகளிலே அவர் பெயரால் ஏழு பாட்டுக்கள் உள. கூடலைப் பாடிய அவர் ஈழத்தைப் பாடினாரல்லர். பாட்டிலே வராத ஊர் பெயரிலே வந்து நிற்கின்றது. யாழ்ப்பாணத்திலும் இவ்வழக்கம் மறைந்ததில்லை. நல்லூர், சுன்னாகம், நவாலி என ஊரை முன்வைத்தே நாவலரையும் குமாரசுவாமிப் புலவரையும் சோமசுந்தரப் புலவரையும் சொல்லிப் பழகிவிட்டோர் பலர்.

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். நாட்டுவளம் பாடுதல் ஊர்ப்பற்றுக்குச் சான்றாகுமா? பட்டினப்பாலையைவிடச் சிறந்த சோதனை இதற்குக் கிடையாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளிலே பாடிய அப்பாட்டில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பே. நீர்வழி வந்த குதிரைகளும், வண்டிகளில் வந்த மிளகு மூடைகளும், மலையிற் பிறந்த பொன்னும், ஈழத்து உணவும் குவிந்து கிடக்கும் அந்நகர்த் தெருக்களைப் படிப்பவர் எவரும் மறவார். ஆனால் அத்தனையும் எதற்காகச் சொல்லப்பட்டன? இத்தகைய பட்டினத்தையே பெறுவதாயினும் காதலியைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வதற்காக. தராசின் ஒரு தட்டிலே பட்டினம் ஏறுகின்றது. மற்றத் தட்டே தாழ்கின்றது. பட்டினத்தின் பெருமை எத்துணை உயருமோ அத்துணைக்குக் காதலியின் பெருமை உயரும். இது நகரின் மதிப்பை நன்கறிந்தவர் பாட்டு என்பதில் ஐயமில்லை. நகரின்மேல் பற்றுக்கொண்டவர் பாட்டு என்பதற்கு அது சான்றாகாது. இப்பாட்டுக்குப் பரிசிலாகப் பதினாறு நூறாயிரம் பொன் வழங்கப்பட்டதெனக் கலிங்கத்துப்பரணி கூறும். மதிப்பிடும் பாட்டுக்கு மதிப்பீடு கிடைத்தது பொருத்தமே.

பிற்காலக் காப்பியங்களின் நாட்டுப் படலங்களோ இன்னும் தொலைவானவை. அங்கே வரும் வளத்தை ஒரு நாட்டிலிருந்து பெயர்த்து மற்றொரு நாட்டிலே வைத்துவிடலாம், எவருக்கும் தெரியாது. வாளை துள்ளும், கரும்பு வழியும், எருமை பால் சொரியும். அந்நாடு கோசலமாக இருந்தால் என்ன, ஏமாங்கதமாக இருந்தால் என்ன? கம்பர் ஒருவர்க்கு இங்கே ஒரு விலக்குக் கொடுத்தல் வேண்டும். அவர் கோசலத்தைப் பாடியபோது காவிரிக்கரையையே கண்டார் எனச் சொல்வது பழகிய திறனாய்வு. பழகியதாயினும் அது உண்மை. காணாத நாட்டைப் பாடுமாறு மரபு பணித்தபோது, கண்ட நாட்டை அதன் உள்ளே மறைத்துவைத்த ஒருவரின் பற்று அது. ஆனால் மரபு தந்த படலத்துக்காக அன்று, படலத்தை மீறியமைக்காகவே அவர் அங்கே பாராட்டுக்குரியர்.

பள்ளு நூல்களிலே இம்மரபு சற்று உயிர்பெறுகின்றது. முக்கூடற்பள்ளின் மூத்த பள்ளி ஆசூர் வடகரை நாட்டையும், இளைய பள்ளி சீவலமங்கைத் தென்கரை நாட்டையும் போட்டியிட்டுப் புகழ்வர். வளம் அங்கேயும் மரபு வளமே. எனினும் அதைச் சொல்பவள் ஒருத்தி, அதை மறுப்பவள் எதிரிலே நிற்கின்றாள், இடையிலே ஒரு கணவன் இருக்கின்றான். பிறந்த ஊரை ஒருவர் இழித்துரைத்தாலன்றி அதன் புகழ் வாயில் வருவதில்லை என்னும் மனிதவியல்பு அந்தச் சக்களத்திச் சண்டையிலே நகைச்சுவையோடு வெளிப்படுகின்றது. ஈழத்தில் எழுந்த கதிரைமலைப் பள்ளும் பறாளை விநாயகர் பள்ளும் இவ்வினத்தன. இவை தனியே ஆராயத்தக்கவை.

ஊர்ப்பற்றின் உண்மையான ஊற்றைக் காண விரும்புவோர் புறநானூற்றிலே பாரியின் பறம்பைப் பற்றிய பாட்டுக்களிடம் செல்லல் வேண்டும். 105 முதல் 120 வரை தொடர்ந்து வரும் அப்பாட்டுக்களுள் பாரிமகளிர் பாடிய 112ஆம் பாட்டொழிய ஏனையவெல்லாம் கபிலர் பாடியனவே. தொகுத்தோர் அமைத்த வரிசையிலே படிக்கும்போது, ஒரு மலை பலவாறு மாறித் தோன்றுவதைக் காணலாம்.

109ஆம் பாட்டில் பறம்பு முற்றுகையிடப்பட்டிருக்கின்றது. உழவர் உழாமலே நான்கு விளைவு அங்கே உண்டென்று கபிலர் எண்ணிக் காட்டுகின்றார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக் கிழங்கு, தேன். மரந்தோறும் யானையைக் கட்டினாலும் வயல்தோறும் தேரை நிறுத்தினாலும் போரால் அதைக் கொள்ள இயலாது. யாழ்மீட்டி ஆடிப்பாடி வந்தால் நாட்டையும் குன்றையும் பாரி தானே தருவான் என்கிறார். இது பகைவர் காதுக்கு உரைத்தது. ஆகவே இங்கே வளம் ஒரு வாதம். அடுத்த பாட்டிலே பறம்பின் முந்நூறு ஊரும் பரிசிலர்க்குப் போய்விட்டன என்கிறார். எஞ்சியோர் தாமும் பாரியுமே என்பதும் வாதமே. இவ்விரண்டிலும் பறம்பு மிக உயர்ந்து தோன்றுகின்றது, நெருங்கித் தோன்றவில்லை.

பாரி இறந்த பின்பே மலை நெருங்கி வருகின்றது. பாரிமகளிரைக் கணவர்பாற் சேர்க்கும் பொருட்டு அழைத்துக்கொண்டு கபிலர் வெளியேறுகின்றார். 113ஆம் பாட்டிலே பறம்பை நோக்கிக் கண்ணீரோடு விடைபெறுகின்றார். அப்போது அவர் நினைவுக்கு வருவன மலையின் உயரமும் அருவியும் அல்ல; மதுச்சாடி திறந்ததும், ஆட்டுக்கடா வீழ்த்தியதும், ஊனும் சோறும் சமைத்துப் பரிமாறியதுமே. அடுத்த பாட்டு இன்னும் நுட்பமானது. இங்கே நின்றாலும் மலை தோன்றும். சிறிது தூரம் சென்று நின்றாலும் தோன்றும் என்பதே அதன் தொடக்கம். வழிநடையிலே திரும்பித் திரும்பிப் பார்ப்பவரின் காலடியே அதிலே அளவுகோலாகின்றது. எத்துணைத் தொலைவு என்று பாட்டுச் சொல்லவில்லை. இன்னும் தோன்றுகின்றது என்பதையே சொல்கின்றது. அத்தொலைவிலிருந்து அவர் நினைப்பதும் முற்றத்திலே மதுப்பிழிந்த கோது சிதறிக் கிடந்ததையே. மலை கண்ணுக்குத் தெரிய, முற்றம் மனத்துக்குத் தெரிகின்றது.

116ஆம் பாட்டிலே மகளிர் வேறோர் ஊரில் இருக்கின்றனர். முள்வேலி சூழ்ந்த சிறு குடில்; பீர்க்கும் சுரையும் படர்ந்த குப்பைமேடு; அதன்மேல் ஏறி நின்று, உப்பு வணிகரின் வண்டிகளை அவர்கள் ஒன்று இரண்டு என எண்ணுகின்றனர். முன்னர்ப் பறம்பின் உச்சியிலே நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். அரசர்மகளிர் குப்பைமேட்டிலே நிற்கும் அவலமே இப்பாட்டின் பொருள் என்று மட்டும் சொல்லிச் செல்வது போதாது. எண்ணும் பழக்கம் அவர்களுடன் வந்திருக்கின்றது என்பதே இப்பாட்டின் உயிர். வாழ்ந்த இடம் கண்களுக்குக் கற்பித்த வேலையை, அவ்விடம் போன பின்பும் கண்கள் விடவில்லை. ஏற ஒரு மேடு வேண்டியிருந்தது, குப்பைமேடு கிடைத்தது.

இவ்வரிசையிலே 118ஆம் பாட்டு ஐந்தே அடிகளுடையது. பறம்புப் பாடல் என்றவுடன் பலரும் எடுத்தோதுவது அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் கூறும் 112ஆம் பாட்டையே. அதுவும் ஐந்து அடிதான். அதன் புகழ் தகுதியானதே. ஆயினும் ஊர்ப்பற்றை ஆராய்வோர்க்கு 118ஆம் பாட்டே முதன்மையானது. பாறைகளையும் குன்றுகளையும் இருபுறமும் இணைத்து, எட்டாம் நாட்பிறைபோல வளைத்துக் கட்டிய கரையை உடைய தெளிந்த நீர்ச் சிறுகுளம், பாரியின் குளிர்ந்த பறம்பு நாட்டிலே, உடைகின்றது. பாட்டு அவ்வளவே. ஏன் உடைகின்றது என்று கபிலர் சொல்லவில்லை. கேட்போர் அறிவர். கரையைப் பார்ப்பாரும் உடைப்பை அடைப்பாரும் இல்லை.

இங்கே ஒரு தடை எழும். இப்பாட்டுக்களெல்லாம் கையறுநிலை என்னும் துறையின. இவை பாரிக்காக இரங்கியன. மலைக்காக இரங்கியன அல்ல. ஊர்ப்பற்று என்று இவற்றை எவ்வாறு கொள்வது? இத்தடை வலியது. விடையை மற்றொரு கையறுநிலைப் பாட்டின் துணைகொண்டே காணல் வேண்டும். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது 242ஆம் பாட்டு. இளையோரும் வளையணிந்த மகளிரும் சூடாத காலத்திலே, ஒல்லையூர் நாட்டில் நீயும் பூத்தாயோ என்று அவர் முல்லையைக் கேட்கின்றார். ஈடிணையற்ற பாட்டு அது. ஆனால் அங்கே முல்லை பூக்கின்றது. தலைவன் இறந்தாலும் நிலம் தன் கடனைத் தவறாது செய்கின்றது. அதுவே புலவரின் துயரம். கபிலரின் குளமோ அவ்வாறு தொடர்வதில்லை. முல்லை இயற்கை; குளம் கட்டப்பட்டது. மனிதர் இல்லையாயின் முல்லைக்கு ஒன்றுமில்லை, குளத்துக்கு எல்லாம் போயிற்று. பாரிக்கு இரங்கத் தொடங்கிய கபிலர், பாரி இல்லாமையினால் எது கெடும் என நினைக்கும்போது, வள்ளன்மையையோ வீரத்தையோ நினைக்காமல் ஒரு கரையை நினைத்தார். இது துறையின் கட்டளையன்று. அங்கே வாழ்ந்து, மாரி தொடங்குமுன் கரையைப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை அறிந்த ஒருவரின் நினைவு.

120ஆம் பாட்டு இதனை வலியுறுத்தும். சிவந்த மேட்டு நிலம் மழையால் நனைந்து பதமானதும், பலகால் உழுததும், களை பறித்ததும், வரகு முற்றியதும், தினை கொய்ததும், எள்ளின் காய் கறுத்ததும், அவரை கொய்யும் பருவம் வந்ததும், நிலத்திலே புதைத்த தேறல் முதிர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே சொல்லப்படுகின்றன. 109ஆம் பாட்டிலே உழவர் உழாத நான்கு விளைவைப் பெருமையாகச் சொன்னவரும் இவரே. பகைவர்க்கு உழாத விளைவு. தனக்கு உழுத விளைவு! முற்றுகை நாளிலே இயற்கை கொடுத்ததை எண்ணியவர், இழந்த பின்பு மனிதர் செய்ததை எண்ணுகின்றார். இம்மாற்றத்தை எவரும் பெரிதாக எடுத்துப் பேசாதது வியப்பே. தமிழ்ச் செய்யுளில் வளம் பாடுதலுக்கும் பற்றுப் பாடுதலுக்கும் உள்ள வேறுபாடு ஒரே புலவரின் இவ்விரு பாட்டுக்களுக்கிடையே கிடக்கின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கபிலர் பறம்பிற் பிறந்தவரல்லர். பாண்டிநாட்டு வாதவூர் அவர் பிறந்த ஊர் என்பது மரபு. அவர் வந்தேறியவர், அந்தணர், புலவர், ஏர்பிடித்தவரல்லர். எனினும் களை பறிக்கும் காலத்தை அவர் அறிந்திருந்தார். ஊர்ப்பற்றுக்குப் பிறப்பே உரிமை என்று வாதிப்போர் இதனை மனங்கொள்வார்களாக.

காப்பியத்துள்ளும் இவ்வியல்பு ஓரிடத்திலே பளிச்சிடுகின்றது. புகாரின் செல்வத்தை இந்திரவிழவூரெடுத்த காதையிலே இளங்கோவடிகள் நிறையச் சொல்லிவிட்டார். ஆனால் மதுரை மன்னன் முன்னே நின்ற கண்ணகி, நீ யார் என்ற வினாவுக்கு விடையிறுக்கும்போது அச்செல்வத்தில் ஒரு துளியும் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்தவனையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனையும் சொல்லி, அவர்களுடைய புகாரே தன் ஊர் என்கிறாள். ஊரை முதலிற் சொல்லி, மாமன் குடியையும் கணவனையும் பின்னர்ச் சொல்லி, தன் பெயரைக் கடைசியிலே சொல்கின்றாள். ஆசிரியர் விழாவைக் கண்ட ஊரிலே, அவ்வூர்க்காரி நீதியை மட்டும் கண்டாள். நீதி கேட்க நின்றவள் வாயில் வேறெதுவும் வரவும் இயலாது. கப்பலும் கடைத்தெருவும் புகாருக்கு மட்டும் உரியனவல்ல. அவ்விருவர் செய்தனவோ வேறெங்கும் செய்யப்படவில்லை.

ஈழத்துக்கு வருவோமாயின், நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரே (1878–1953) முதலில் நினைவுக்கு வருவார். அவருடைய இலங்கை வளம் நல்ல ஓசையுடையது. நாட்டின்மேல் அன்பு நிறைந்தது. ஆயினும் பெயர் காட்டுவதுபோல அது வளம் பாடும் மரபிலேயே அடங்கிவிடுகின்றது எனல் குற்றமாகாது. தால விலாசத்திலே பனையின் பயன்களை அடுக்கும்போதும் மரபு தலைகாட்டுகின்றது. எனினும் பனை ஏறுவாரின்றிப் பயன்தராத மரம். கிழங்கு கிண்டுவதும் ஒடியல் காய்ச்சலாக்குவதும் கையாலேயே நடப்பன. அதனாலே மனிதர் தாமாக உள்ளே வந்துவிடுகின்றனர். சிறுவர்க்கென்று ஒதுக்கிவிட்ட ஆடிப்பிறப்புப் பாட்டோ, ஊர்ப்பற்றுப் பாட்டாக நோக்குமிடத்து, இவ்விரண்டிலும் உயர்ந்தது. விடுதலைநாள், கூழ், கொழுக்கட்டை என்று அதிலே வருவனவெல்லாம் மிகச் சிறியன. பிள்ளைகள் ஓடிப் பலாவிலை பொறுக்கி மடித்துக் கோலிவர, தாய் அகப்பையால் கூழை அள்ளி வார்க்கின்றாள். அங்கே ஊர் புகழப்படவில்லை, செய்யப்படுகின்றது. அப்பாட்டைக் கற்ற பிள்ளைகள் முதியவராகி உலகின் எம்மூலையிலே இருந்தாலும் மறவாமல் இருப்பதற்குச் சந்தம் மட்டும் காரணமன்று.

இவ்வேறுபாடு ஏட்டளவிலே நிற்கும் ஒன்றாக இருந்த காலம் போய்விட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவர் எனத் தீர்மானிக்கப்பட்டனர். தாயகம் திரும்புதல் என்று அதற்குப் பெயர். அவர்களுட் பலர் பிறந்ததும், கொழுந்து பறித்ததும், கான்வெட்டியதும், பெற்றோரைப் புதைத்ததும் இலங்கையின் மலைகளிலேயே. கபிலரின் அளவுகோலால் அளந்தால் அவர்களின் ஊர் எது என்பதில் ஐயம் எழாது. ஒப்பந்தத்தின் அளவுகோல் வேறு. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்திலே வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் புத்தளத்துக் குடில்களிலே இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் தம்மூர் என்றனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே வெறுமையாயிற்று. வலிகாமம் வடக்கு அதற்கும் முன்பே, 1990இலேயே, மக்களை இழந்திருந்தது. போர் முடிந்த 2009இன் பின்னரே அங்குள்ள நிலங்கள் பகுதி பகுதியாக விடப்பட்டன. திரும்பிச் சென்றோர் முதலிலே தேடியது கிணற்றை. கூரை போயிருந்தது, வேலி போயிருந்தது, எல்லை காட்டிய பூவரசும் கிளுவையும் காடாகியிருந்தன. கிணறு இருந்த இடத்தைக் கொண்டே வீடு இருந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது.

இவ்விடப்பெயர்வுகளின் பின்னே எழுந்த செய்யுட்களும் நினைவுக் கட்டுரைகளும் எண்ணிறந்தன. கல்லூரி மலர்களும் ஊர்ச்சங்க மலர்களும் அவற்றால் நிறைந்துள்ளன. அவற்றின் உண்மையுணர்ச்சியை எவரும் ஐயுறார். ஆனால் திறனாய்வு உணர்ச்சியை அன்று, செய்யுளையே நோக்கல் வேண்டும். நோக்குமிடத்துப் பெரும்பாலானவை புதிய நாட்டுப் படலங்களாக இருத்தல் தெரியவரும். வாளைக்குப் பதிலாகக் கறுத்தக்கொழும்பு மாம்பழம், கரும்புக்குப் பதிலாகப் பனங்கிழங்கு, விழாவுக்கு நல்லூர்த் தேர், கடலுக்குக் கீரிமலை. இவற்றை ஓரூரின் மலரிலிருந்து எடுத்து மற்றோரூரின் மலரிலே இட்டாலும் பொருந்தும். கம்பரின் பின்வந்தோர் செய்த தவறே இங்கும் நிகழ்ந்திருக்கின்றது. வெளியேறியவர் நினைவிலே ஊர் எப்போதும் விளைந்தபடியே இருக்கின்றது. அங்கே மழை பிந்துவதில்லை, கிணறு வற்றுவதில்லை, துலா முறிவதில்லை. உழாத விளைவைப் பாடிய 109ஆம் பாட்டின் பக்கமே அவை நிற்கின்றன. 120ஆம் பாட்டின் பக்கம் நிற்பவை சிலவே. அவை பெரும்பாலும் அங்கேயே இருந்தவர்களும் திரும்பிவந்தவர்களும் எழுதியன. அவற்றிலே புகழ்ச்சி குறைவு. பாசிபடிந்த கிணற்றை இறைத்ததும், மிதிவெடி அகற்றியோர் நட்ட தடியைத் தாண்டாமல் நின்றதும், பங்காளியோடு வேலிக்காக வழக்காடியதும் அவற்றிலே வரும். சில வாசகர் இவற்றைக் கவிதையன்று என்பர். கரை உடைவதை ஐந்தடியிலே சொல்லி நிறுத்திய கபிலரையும் அவர்கள் அவ்வாறே சொல்லல் வேண்டும்.

வெளியேறியவர்க்கு ஊரைப் பாடும் உரிமையில்லை என்று இதனாற் கொள்ளல் கூடாது. கபிலரும் வெளியேறியவரே, 118ஆம் பாட்டிலே அவர் பறம்பிலே இருந்துகொண்டு பேசவில்லை. போய்ப் பார்க்க இயலாத ஒரு கரை இப்போது உடைந்துகொண்டிருக்கும் என்பது அவர் அறிந்த ஒன்று. தொலைவிலே இருந்தும் அறிந்தார் என்பதே அப்பாட்டின் பொருள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தவிர, ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். அதைத் தேக்கி மெல்ல இறங்கவிடுவன ஊர்தோறும் உள்ள சிறு குளங்கள். அவற்றுட் பல இன்று தூர்ந்தும், மண்ணிட்டு நிரப்பப்பட்டும், மேலே கட்டடம் எழும்பியும் கிடக்கின்றன. கரைக்குச் சொந்தக்காரர் எனச் சொல்லத்தக்க குடும்பங்களுட் பல வெளிநாட்டிலே இருக்கின்றன. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியது 1894இலே. அதனைக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றிலே, தத்தம் ஊர்க் குளத்தின் பெயரும் அதன் இன்றைய நிலையும் யாதென மாணவர்களிடம் கேட்டுவிட்டு 118ஆம் பாட்டைத் தொடங்கலாம்.